தஞ்சைக் கோயிற் சுவரில் நம் தீவின் பெயர்

விடுமுறைக்குக் கப்பலேறும் நம் குடும்பத்தார் பலரும் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியதும் நேரே சொந்த ஊர் நோக்கி விரைவதே வழக்கம். காதுகுத்து, திருமணம், குலதெய்வ வழிபாடு என்று நாட்கள் கழிந்துவிடுகின்றன. தஞ்சை வழியாகச் செல்வோரும் பெரிய கோயிலுட் புகுந்து, நந்தியைக் கண்டு, விமானத்தை அண்ணாந்து நோக்கி, பெருவுடையாரை வணங்கித் திரும்புவர். நாம் வாழும் இத்தீவுக் கூட்டத்தின் பெயர் அக்கோயிற் சுவரில் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளாகப் பொறிக்கப்பட்டிருப்பதை அறிந்து செல்வோர் மிகச் சிலரே. முதன்முறை சென்றபோது யாமும் அறியாமல் திரும்பியவரே.

முதலாம் இராசராசன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில் விமானத்தின் உச்சிக்குப் பொற்றகடு போர்த்த செப்புக்குடத்தை அளித்தான். அது கி.பி. 1010-ஆம் ஆண்டு. கருங்கல் கிடையாத சமவெளியில் 13 நிலைகளோடு ஏறக்குறைய 200 அடி உயரக் கற்றளி எழுந்தது. ஆயினும், பிற்காலத்தார் கட்டியவனையே மறந்தனர். தலபுராணம் கரிகாலனைக் குறித்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹுல்ட்ஷ் என்னும் செருமானிய அறிஞர் கல்வெட்டுக்களைப் படித்து வெளியிட்ட பின்னரே இராசராசன் பெயர் உறுதியாயிற்று. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பாரும், உச்சியில் இருப்பது ஒரே கல் என்பாரும் இன்றும் உளர். மாலையில் சென்று பாருங்கள்; நிழல் நன்றாகவே விழுகிறது. உச்சியும் பல கற்களால் இயன்றதே. கட்டுக்கதையின் துணை வேண்டாத பெருமை அக்கோயிலுக்கு உண்டு.

அரசனும், தமக்கை குந்தவையும், தேவியரும், அதிகாரிகளும் அளித்த கொடைகளெல்லாம் சுவரில் வெட்டப்பட்டுள்ளன. அவற்றுள் எம்மை மிகவும் நிறுத்தி வைப்பது தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல். சோழ நாட்டின் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 பெண்களை அரசன் தஞ்சைக்குக் கொணர்ந்து குடியேற்றினான். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு. ஆண்டுக்கு 100 கலம் நெல். இன்னாள், இன்ன ஊரிலிருந்து வந்தவள் என்று ஒவ்வொரு பெயரும் கல்லில் உள்ளது. ஆணையால் ஊர் மாறியவர்கள் அவர்கள். பிறந்த ஊரின் பெயரைத் தம் பெயரோடு சுமந்து நின்றவர்கள். லம்பா லைனில் வாழும் நமக்கு இதற்கு உரை வேண்டுவதில்லை.

நம் தீவின் பெயருக்கு வருவோம். இராசராசனின் மகன் இராசேந்திரன் 1025-ஆம் ஆண்டளவில் கடல் கடந்து படை செலுத்தினான். அவன் வென்ற இடங்களை வரிசையாகச் சொல்லும் மெய்க்கீர்த்தி தஞ்சைக் கோயிலில் உள்ளது. சீவிசயத்தில் தொடங்கிக் கடாரத்தில் முடியும் அவ்வரிசையில், கடாரத்துக்கு முன்னதாக வருவது மாநக்கவாரம். தேன் நிறைந்த சோலைகளை உடையது என்ற அடைமொழியும் அதற்கு உண்டு. நக்கவாரம் என்பதே நிக்கோபார்.

நம் தலைநகரான போர்ட் பிளேயர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்றது. அதனால் சீவிசயமே இது என்று நம் பிள்ளைகள் சிலர் எண்ணுகின்றனர். சீவிசயம் சுமத்திராவின் பலம்பாங்கைத் தலைமையாகக் கொண்ட பேரரசு. கல்வெட்டும் இரண்டையும் தனித்தனியே கூறுகிறது. இத்தீவுகளில் சோழர் கடற்படைத் தளம் இருந்தது என்று சொல்வோரும் உளர். மெய்க்கீர்த்தி வென்றதைச் சொல்கிறதேயன்றித் தளம் அமைத்ததைச் சொல்லவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விழாவில், சோழன் வென்ற மண் இது என்று யாம் சற்று உரக்கவே பேசினோம். முன்வரிசையில் நிக்கோபாரிய நண்பர் ஒருவர் அமர்ந்திருந்தார். விழா முடிந்தபின் அருகில் வந்து, "ஐயா, எங்களை எதற்காக வென்றார்கள்?" என்று மெல்லக் கேட்டார். எம்மிடம் விடை இல்லை. சீன வாணிகத்தின் வழியைச் சீவிசயம் மறித்தது என்றும், நக்கவாரம் அவ்வழியில் கிடந்தது என்றும் வரலாற்றாசிரியர் கூறுவதை வீடு திரும்பியபின் நினைவு கூர்ந்தோம். அது அவருக்கு விடையாகுமா? இந்தச் சோழருக்கும் சீவிசயத்துக்கும் முன்பு நட்பே இருந்தது. சீவிசய மன்னன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலத்தை அளித்த செப்பேடு ஆலந்து நாட்டு லெய்டன் நகருக்குச் சென்று அவ்வூர்ப் பெயராலேயே அறியப்படுகிறது. அக்கொடைக்குப் பின் 20 ஆண்டுகள் கழிவதற்குள் படை புறப்பட்டது. அன்றுமுதல் மேடையில் 'வென்ற மண்' என்று சொல்வதை யாம் விட்டோம்.

தஞ்சையிலிருந்து கும்பகோணம் வழியே கங்கைகொண்ட சோழபுரத்தையும் காணலாம். இடையில் தாராசுரம், அடியார் வரலாறுகளைச் சிறுசிறு சிற்பங்களாக அங்கே காணலாம். கடல் கடந்து வென்றவனின் தலைநகரில் இன்று கோயிலே நிமிர்ந்து நிற்கிறது. அரண்மனை மண்ணுள் செங்கலாய்க் கிடக்கிறது. கோயிலின் திருச்சுற்று மதிற் கற்களும் 1836-இல் கொள்ளிடத்துக் கீழணை கட்டப் பெயர்க்கப்பட்டன.

அடுத்த விடுமுறையில் தஞ்சை செல்வோர் கல்வெட்டுப் படிக்கத் தெரிந்த ஒருவரைத் துணைக்கொள்க. அக்காலத்து எழுத்தில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. ஆதலின் நக்கவாரத்தில் ககரம் இரண்டு அடுத்தடுத்து நிற்கும். அவற்றைக் கண்டுபிடிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.