வாய் பேசா நோயாளியும் பைத்தாரின் பொறுப்பும்

இஸ்லாமிய மருத்துவ வரலாறு பேசப்படும் இடங்களில் இப்னு ஸீனா, அர்ராஸீ, அஸ்ஸஹ்ராவீ ஆகியோரின் பெயர்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. மூலிகை இயல் எனும்போது இப்னுல் பைத்தாரின் பெயரும் சேர்ந்துகொள்கிறது. 1248இல் திமிஷ்கில் மறைந்த அப்பேரறிஞரின் பெயருக்கு 'பைத்தாரின் மகன்' என்பது பொருள். பைத்தார் என்றால் கால்நடை மருத்துவர். மகனை நினைவில் வைத்திருக்கும் நாம், தந்தையின் தொழிலைப் பற்றி அதிகம் எண்ணிப் பார்த்ததில்லை. 'பைத்தரா' என வழங்கிய அக்கலைக்கு நீண்ட நூல் மரபொன்று உண்டு. அக்கலையைப் பயின்றோர் தவறிழைத்தால் என்ன செய்வது என்பது குறித்துச் சட்ட அறிஞர்கள் நுட்பமாக ஆராய்ந்ததும் உண்டு. இவ்விரண்டாவது செய்தியே இக்கட்டுரையில் நம் கவனத்திற்குரியது.

நூல் மரபைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். குதிரை மருத்துவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே பைத்தார் எனும் சொல் வந்ததென்பர். அப்பாஸியர் காலத்தில் கிரேக்கக் குதிரை மருத்துவ நூல்கள் அரபியில் பெயர்க்கப்பட்டன. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் இப்னு அகீ ஹிஸாம் குதிரையேற்றத்தையும் குதிரை மருத்துவத்தையும் இணைத்து எழுதினார். இப்னுல் அஹ்னஃப் என்பாரின் 'கிதாபுல் பைத்தரா' 1209இல் பக்தாதில் வண்ண ஓவியங்களுடன் படியெடுக்கப்பட்டது. அப்படி இன்று கெய்ரோவில் உள்ளது. மம்லூக் சுல்தான் அந்நாஸிர் முஹம்மதின் குதிரை மருத்துவராயிருந்த அபூபக்ர் இப்னு பத்ர் எழுதிய பெருநூல், சுல்தானின் பெயராலேயே 'அந்நாஸிரீ' என அழைக்கப்பட்டது. இவற்றுள் பெரும்பாலானவை குதிரையைப் பற்றியவை. போருக்கும் பயணத்துக்கும் குதிரையை நம்பியிருந்த சமுதாயத்தில் இது வியப்பன்று.

அரசரின் லாயத்தில் பணியாற்றிய பைத்தார் தவறு செய்தால் கேட்பதற்கு அரசர் இருந்தார். கடைத்தெருவில் லாடம் கட்டிக்கொண்டும் நோய் பார்த்துக்கொண்டும் இருந்த சாதாரண பைத்தாரிடம், ஒற்றைக் கழுதையோடு வந்த ஏழைக்கு யார் துணை? இதற்கான விடையை மருத்துவ நூல்களில் தேடிப் பயனில்லை. ஹிஸ்பா நூல்களில் அது கிடைக்கிறது. சந்தையின் அளவைகளையும் தொழில்களின் நேர்மையையும் மேற்பார்வையிட்ட முஹ்தஸிப் எனும் அதிகாரிக்காக எழுதப்பட்ட கையேடுகள் அவை. 12ஆம் நூற்றாண்டில் ஷாம் நாட்டில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ, 40 அதிகாரங்கள் கொண்ட தம் 'நிஹாயத்துர் ருத்பா'வில், ரொட்டி சுடுவோர், கசாப்புக்காரர், மருத்துவர் ஆகியோருடன் பைத்தார்களுக்கும் ஓர் அதிகாரம் ஒதுக்கியுள்ளார்.

அந்த அதிகாரத்தின் தொடக்கமே நம்மை நிறுத்திவிடுகிறது. மனித நோய்களைவிட விலங்கு நோய்களுக்கு மருத்துவம் செய்வது கடினம் என்கிறார் ஆசிரியர். தான் உணரும் நோவைச் சொல்ல விலங்குக்குப் பேச்சு இல்லை. தொட்டும் பார்த்துமே அதன் நோயை அறிய வேண்டியிருக்கிறது. ஆகவே பைத்தாருக்குத் தேர்ச்சியும் கூர்நோக்கும் வேண்டும். இத்துடன் அவர் நிற்கவில்லை. போதிய அனுபவமின்றிக் குருதி வாங்குவது, அறுப்பது, சூடு போடுவது என விலங்கின் மீது பாய்ந்துவிடாதபடி தம்மைத் தடுக்கும் மார்க்கப் பற்று உடையவரே இத்தொழிலில் இறங்கலாம் என்கிறார். இல்லையெனில் விலங்கு சாகும் அல்லது ஊனமாகும். நோய் அறியாமையைவிட, அறியாமலேயே ஏதாவது செய்துவிடும் அவசரம் அவரை அதிகம் அச்சுறுத்தியிருக்கிறது. இது நம் கருத்தில் மிகச் சரியான அச்சம். எதையும் செய்யாமல் இரண்டு நாள் பார்ப்போம் என்று சொல்லும் மருத்துவருக்குக் கூலி குறைவு. சூட்டுக்கோலை எடுப்பவருக்கே கூலி அதிகம். இந்நிலை 12ஆம் நூற்றாண்டோடு முடிந்துவிடவில்லை.

விலங்கு நோய்கள் 320 என ஒரு நூலாசிரியர் கணக்கிட்டிருப்பதையும் ஷைஸரீ குறிப்பிட்டு, அவற்றுட் பலவற்றைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். லாடம் கட்டும் முன் குளம்பின் சாய்வைப் பார்க்க வேண்டும். குளம்பை அளவுக்கு மீறிச் செதுக்கலாகாது. ஆணியைத் தளர விட்டால் கல்லும் மணலும் உள்ளே புகும் என்றெல்லாம் போகிறது அறிவுரை. விலங்கின் குறைகளைப் பற்றி வாங்குவோரும் விற்போரும் முரண்பட்டால் பைத்தாரிடமே சென்று கேட்பர் என்ற செய்தியும் அங்குண்டு. மருத்துவர் மட்டுமல்லர், சந்தையின் சாட்சியும் அவரே. அவருடைய நோய்க்கணிப்பு பிழையானால் ஒரு விலங்கின் உடலோடு ஒரு வணிகத்தின் நியாயமும் பிழைத்துப் போகும்.

பிழை நேர்ந்துவிட்டால் இழப்பை ஏற்பவர் யார்? மருத்துவம் அறிந்தவர் என முன்னர் அறியப்படாத ஒருவர் மருத்துவம் பார்த்தால் அவரே பொறுப்பாளி எனும் கருத்தமைந்த நபிமொழி அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் உள்ளது. இதற்கு 'ஸாதுல் மஆத்' நூலில் விளக்கம் தரும் இப்னுல் கய்யிம் (மறைவு 1350), கண் மருத்துவர், எலும்பு கட்டுவோர், குருதி வாங்குவோர் என மருத்துவர் வகைகளை வரிசைப்படுத்திவிட்டு, நோயாளி மனிதனாயினும் விலங்காயினும் 'தபீப்' எனும் சொல் அவரைச் சாரும் என்கிறார். ஒரே வரிதான். ஆனால் அவ்வரியால் பைத்தாரும் அந்த நபிமொழியின் கீழ் வந்துவிடுகிறார்.

ஹனஃபீ நூல்களில் இச்சிக்கல் இன்னும் பழைமையானது. இமாம் முஹம்மது அஷ்ஷைபானீயின் (மறைவு 805) 'அல்ஜாமிஉஸ் ஸகீர்' ஒரு வழக்கைச் சொல்கிறது. பைத்தார் ஒருவர் ஒரு தானக் கூலிக்கு ஒரு விலங்கின் நரம்பைக் கீறினார், விலங்கு இறந்தது. தானக் என்பது திர்ஹமில் ஆறிலொரு பங்கு. இத்தனை சிறிய கூலியைப் பெயர் சொல்லிக் குறித்திருப்பது, இது ஏட்டுக்காகப் புனைந்த கேள்வியன்று, கடைத்தெருவிலிருந்து எழுந்து வந்தது என நம்மை எண்ண வைக்கிறது. தீர்ப்பு, பைத்தார் மீது பொறுப்பில்லை என்பதாகும். வழக்கமான இடத்தைத் தாண்டிக் கீறாதவரை பொறுப்பில்லை என்று வேறொரு வாசகம் நிபந்தனை இடுகிறது. 12ஆம் நூற்றாண்டில் 'அல்ஹிதாயா' எழுதிய அல்மர்கீனானீ இவ்விரண்டையும் அருகருகே வைத்து, ஒவ்வொன்றிலும் மற்றதில் இல்லாத ஒரு விளக்கம் இருப்பதைக் காட்டுகிறார். உரிமையாளரின் அனுமதி ஒன்று. தொழிலின் எல்லை மற்றொன்று. இரண்டும் இருந்தாலே பைத்தார் தப்புவார்.

இதற்கு அவர் கூறும் காரணம் அழகானது. துணியை அடித்து வெளுப்பவர் அதைக் கிழித்துவிட்டால் ஈடு தர வேண்டும். துணியின் வலுவையும் மென்மையையும் கவனித்துப் பார்த்தால் முன்கூட்டியே அறிய முடியும். உயிருள்ள உடல் நோவை எவ்வளவு தாங்கும் என்பதோ அவ்வவ்வுடலின் இயல்பைப் பொறுத்தது. அதை எவராலும் முன்கூட்டி அளக்க இயலாது. ஆகவே குணமாக்கும் செயலை மட்டுமே செய்வேன் என்று மருத்துவரிடம் உறுதி கேட்க முடியாது. அறியக்கூடியதை அறியாமல் விட்டதே குற்றம் எனும் இவ்வேறுபாட்டின் மீதே இன்றைய மருத்துவ அலட்சிய வழக்குகளும் நடைபெறுகின்றன.

கூலியைப் பற்றி ஷாஃபிஈ நூல்கள் கூர்மையாகப் பேசுகின்றன. நம் கடற்கரை ஊர்களின் மத்ரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு வரும் 'ஃபத்ஹுல் முஈன்' 16ஆம் நூற்றாண்டில் மலபாரின் மக்தூம் குடும்பத்து ஸைனுத்தீன் அவர்களால் எழுதப்பட்டது. தம் ஆசிரியர் இப்னு ஹஜர் அல்ஹைத்தமீயின் கருத்தாக அதில் வரும் செய்தியின் சாரம் இது. தேர்ச்சி பெற்ற மருத்துவர் என்பவர் அரிதாகவே தவறுபவர். அவர் மருந்து கொடுத்தும் நோய் தீராவிடில் கூலி அவருக்குரியதே, ஏனெனில் ஒப்பந்தம் மருத்துவத்துக்கேயன்றிக் குணத்துக்கன்று. குணமாக்குவதை நிபந்தனையாக்கினால் அந்த ஒப்பந்தமே செல்லாது. குணம் இறைவன் கையில் உள்ளது. ஆனால் தேர்ச்சியற்றவருக்குக் கூலியும் கிடையாது; மருந்துக்குச் செலவான தொகையையும் அவரிடமிருந்து திரும்பப் பெறலாம், தமக்குத் தகுதியில்லாத செயலில் அவர் இறங்கியதால். இச்செய்தி மனித மருத்துவரை முன்னிட்டுச் சொல்லப்பட்டது. இப்னுல் கய்யிம் சுட்டிய சொற்பொருளின்படி பைத்தாரும் தபீப் ஆகையால், அவருக்கும் இதைப் பொருத்திப் பார்ப்பதில் தடையிருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

தேவையற்ற மருத்துவம் என்பது வேறு வகை. கணிப்புப் பிழையாமலும் அது நடக்கும். ஹன்பலீ அறிஞர் இப்னு குதாமா (மறைவு 1223) 'அல்முக்னீ'யில் பல் பிடுங்கும் ஒப்பந்தத்தை எடுத்துக்காட்டாகத் தருகிறார். பிடுங்குமுன் பல் குணமாகிவிட்டால் ஒப்பந்தம் முறிந்துவிடும், நல்ல பல்லைப் பிடுங்குவது கூடாத செயல் என்பதால். பேசிய கூலிக்காகவேனும் வேலையை முடித்துவிடுவோம் என்ற வாதத்துக்கு அங்கே இடமில்லை.

பழைய சட்டத்தின் போதாமையையும் சொல்லியாக வேண்டும். விலங்கு செத்தால் ஈடு என்பது அதன் சந்தை விலையே. ஒட்டகத்துக்கும் குதிரைக்கும் இது சரியாக வரும். வீட்டில் பத்தாண்டு வளர்ந்த பூனைக்குச் சந்தையில் என்ன விலை? நாயைப் பொறுத்தவரை, ஷாஃபிஈ, ஹன்பலீ மத்ஹபுகளில் அதற்கு விலையே இல்லையாகையால் ஈடும் இல்லை. ஹனஃபீகள் ஈடு உண்டென்பர். ஆயினும் விலை இல்லாததால் கடமையும் இல்லை என்று அறிஞர்கள் முடித்துவிடவில்லை. 1262இல் மறைந்த இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் 'கவாஇதுல் அஹ்கா'மில் விலங்குகளின் உரிமைகளைத் தனியே தொகுத்திருக்கிறார். பயன் தராத அளவுக்கு நோயுற்றாலும் முடமானாலும் அதற்குச் செலவிட வேண்டும் என்பது அவற்றுள் முதலாவது. வயிறு முதுகோடு ஒட்டியிருந்த ஓர் ஒட்டகத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், வாய் பேசா இவ்விலங்குகள் விஷயத்தில் இறைவனை அஞ்சுமாறு கூறிய செய்தி அபூதாவூதில் உள்ளது. நபிமொழியில் வரும் வாய் பேசாமையையே ஷைஸரீயும் தம் அதிகாரத்தின் தொடக்கத்தில் பேசுகிறார்.

இனித் தமிழகக் கடற்கரைக்கு வருவோம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டிற்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்திறங்கியதையும், ஆண்டு முடிவில் அவற்றுள் மிகச் சிலவே உயிரோடு எஞ்சியதையும் எழுதுகிறார். அந்நாட்டில் குதிரை மருத்துவர் இல்லை என்பது அவர் கூறும் காரணம். அத்துடன், குதிரை வணிகர்கள் மருத்துவரைத் தாமும் அழைத்து வருவதில்லை, பிறர் செல்வதையும் தடுக்கின்றனர், குதிரைகள் சாகச் சாக வணிகம் பெருகும் என்பதற்காக எனக் குற்றஞ்சாட்டுகிறார். அவ்வணிகர்கள் நம் முன்னோர். குதிரையோடு தொடர்புடைய ராவுத்தர் எனும் பெயரை இன்றும் தாங்கி நிற்கும் சமூகம் நம்மிடையே உண்டு. எனவே இக்குற்றச்சாட்டைக் கண்மூடிக் கடந்துவிடுவது நேர்மையாகாது. கண்மூடி ஏற்பதும் ஆகாது.

14ஆம் நூற்றாண்டின் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் விவரங்கள் இங்கே உதவுகின்றன. கீஷ் தீவின் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் தம் குதிரைகளில் 1,400ஐ ஆண்டுதோறும் அனுப்ப ஒப்புக்கொண்டார். ஒரு குதிரையின் விலை 220 பொன் தீனார். ஜமாலுத்தீனின் சகோதரர் தகிய்யுத்தீன் பாண்டியரின் அமைச்சராகவும், காயல் உள்ளிட்ட துறைமுகங்களின் பொறுப்பாளராகவும் இருந்தார். குதிரைகளுக்கு வறுத்த வாற்கோதுமையும் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்ததை வஸ்ஸாஃப் வியப்போடு குறிக்கிறார். சோற்றையும் இறைச்சியையும் சேர்த்துச் சமைத்துக் கொடுத்தனர் என்கிறார் போலோ. தட்பவெப்பம் ஒவ்வாமையும் காரணம் என்பதைப் போலோவே ஒப்புக்கொள்கிறார். ஆகவே சாவுகள் அனைத்தையும் வணிகரின் சூழ்ச்சி எனக் கொள்ள அவருடைய கூற்றே இடந்தரவில்லை. பைத்தரா நூல்கள் மலிந்திருந்த நாடுகளிலிருந்து வந்த வணிகருக்கு அக்கலை தெரியாது என்றும் நாம் வாதிட முடியாது. ஒப்பந்தத்தின் ஒரு விதி போலோவின் ஐயத்துக்கு வலுவூட்டுவது. கடலில் இறந்துபோகும் குதிரைக்கும் பாண்டியரின் கருவூலமே முழு விலை தர வேண்டும் என்று அது சொல்கிறது. அறியக்கூடியதை அறிந்து காப்பது விற்பவர் கடமை எனும் ஹிதாயாவின் அளவுகோல் அவ்வொப்பந்தத்தில் காணப்படவில்லை. இழப்பு எதுவாயினும் வாங்குபவருக்கே என எழுதி முத்திரையிட்டபின், கப்பலில் ஒரு பைத்தாருக்கு இடம் ஒதுக்கும்படி எந்த வணிகரையும் எவரும் கேட்டிருக்கப் போவதில்லை.