முதல் ஆவணப்பட இயக்குநர்களுக்கான விருதுகள்

ஓர் இயக்குநர் எடுத்த முதல் ஆவணப்படத்தைப் பாராட்டி வழங்கப்படும் விருதுகள் பல நாடுகளில் உள்ளன. இந்தியாவில் தேசியத் திரைப்பட விருதுகளின் ஒரு பிரிவாகவும் மும்பை சர்வதேசத் திரைப்பட விழாவின் ஒரு பரிசாகவும் இது இருக்கிறது. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் ஆவணப்பட விழா, அமெரிக்காவின் டிரைபெக்கா விழா ஆகியவற்றிலும் முதற்படத்துக்குத் தனி விருது உண்டு. புனைகதைப் படங்களின் அறிமுக இயக்குநர்களைப் பற்றித் தமிழில் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. ஆவணப்படத்தின் அறிமுக இயக்குநர்களைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது. இக்கட்டுரை இந்தியாவில் இவ்விருதின் வரலாற்றை முதன்மையாகக் கொண்டு, வெளிநாட்டு விருதுகளைத் தேவையான அளவுக்குத் தொட்டுச் செல்கிறது.

முன்வரலாறு

இந்தியத் திரைப்படத்தின் தந்தை எனப்படும் தாதாசாகேப் பால்கே முதலில் எடுத்தது 'ராஜா ஹரிச்சந்திரா' அன்று. அதற்கு முந்தைய ஆண்டான 1912இல், தொட்டியில் ஊன்றிய பட்டாணி விதை முளைத்துக் கொடியாக வளர்வதைச் சிறிது சிறிதாகப் படம்பிடித்து ஒரு சிறு படமாகத் தொகுத்தார். அதைக் காட்டித்தான் தம் பெரிய படத்துக்குப் பணம் திரட்டினார். நம் நாட்டுத் திரைப்பட வரலாற்றின் வாசலிலேயே ஓர் அறிமுக இயக்குநரின் ஆவணப்படம் நிற்கிறது என்று இதைக் கொள்ளலாம். அறிவியல் பாடம் நடத்தியவர்களுக்கு அந்தப் பட்டாணிப் படத்தின் அருமை கூடுதலாகப் புரியும்.

1948இல் மத்திய அரசு பிலிம்ஸ் டிவிஷன் என்ற நிறுவனத்தை அமைத்தது. அதன் செய்திப்படங்களும் ஆவணப்படங்களும் திரையரங்குகளில் முதன்மைப் படத்துக்கு முன் கட்டாயமாகத் திரையிடப்பட்டன. என் வயதையொத்தவர்கள் டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்திருப்போம். "நியூஸ் ரீல் ஓடுது, இன்னும் படம் போடல" என்று சொல்லிக்கொண்டு தாமதமாக உள்ளே வருபவர்களே அதிகம். ஆவணப்படம் என்றால் சலிப்பு என்ற எண்ணம் நம் மக்களிடம் படிந்ததற்கு இந்தக் கட்டாயமும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

1954இல் தேசியத் திரைப்பட விருதுகள் தொடங்கியபோதே ஆவணப்படத்துக்கு இடம் கிடைத்தது. 1953ஆம் ஆண்டின் சிறந்த ஆவணப்படத்துக்கான குடியரசுத் தலைவர் தங்கப்பதக்கத்தைப் பெற்றது பிலிம்ஸ் டிவிஷனுக்காக ஜகத் முராரி இயக்கிய 'மகாபலிபுரம்'. நம் மாமல்லபுரத்துக் கற்சிற்பங்களைப் பற்றிய படத்துக்குத்தான் அந்த முதல் பதக்கம் போனது என்பது தமிழ் மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி. ஜகத் முராரி பின்னாளில் புனே திரைப்படக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பை ஏற்று, ஒரு தலைமுறை இயக்குநர்களை உருவாக்கினார்.

அந்நாளில் அறிமுக இயக்குநர் என்ற தனிப் பிரிவு இல்லை. ஆவணப்படம் எடுத்தவர்களில் பெரும்பாலோர் அரசு நிறுவனத்தில் சம்பளம் வாங்கியவர்கள் அல்லது அங்கிருந்து வேலை பெற்றவர்கள். முதற்படம், இரண்டாம் படம் என்று பிரித்துப் பார்க்கும் தேவை அப்போது எழவில்லை.

தேசிய விருதில் தனிப் பிரிவு

புனைகதைப் படங்களில் அறிமுக இயக்குநருக்கான இந்திரா காந்தி விருது 1980ஆம் ஆண்டின் படங்களிலிருந்து வழங்கப்பட்டது. கதைப்படம் அல்லாத பிரிவில் இதற்கு இணையான விருது 1989ஆம் ஆண்டுப் படங்களுக்காக, 37ஆவது தேசிய விருதுகளில் ஏற்படுத்தப்பட்டது. ஏறத்தாழப் பத்தாண்டு இடைவெளி. இதற்குள் காலம் மாறியிருந்தது. புனே கல்லூரியில் படித்தவர்கள் அரசு நிறுவனத்துக்கு வெளியே நின்று சொந்தமாகப் படம் எடுக்கத் தொடங்கியிருந்தனர். வீடியோ கேமரா வந்ததால் படச்சுருளின் செலவும் குறைந்தது. புதியவர்களின் எண்ணிக்கை பெருகிய பிறகே விருதுப் பட்டியல் அவர்களைக் கவனித்தது.

இவ்விருதின் பெயரை வாசகர்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். அது ஆவணப்பட விருது அன்று. 'கதைப்படம் அல்லாத' முதற்படத்துக்கான விருது. இச்சொல் ஏற்படுத்தும் குழப்பம் சிறிதன்று. நீளம் குறைந்த புனைகதைக் குறும்படமும் இதே பிரிவில்தான் வருகிறது. நான்கு ஆண்டுகள் ஓர் ஊரில் தங்கி எடுத்த ஆவணப்படமும், நடிகர்களை வைத்துச் சில நாட்களில் எடுத்த இருபது நிமிடக் குறும்படமும் ஒரே பரிசுக்குப் போட்டியிடுகின்றன.

பட்டியலே இதற்குச் சான்று. 1992ஆம் ஆண்டுக்கான விருதைப் பெற்றவர் நம் பி. லெனின், படம் 'நாக்-அவுட்' என்ற புனைகதைக் குறும்படம். இயக்குநர் ஏ. பீம்சிங்கின் மகனான லெனின் அதற்கு முன்பே தமிழ்த் திரையுலகில் பெயர்பெற்ற படத்தொகுப்பாளர். 'நாயகன்' அவர் தொகுத்த படமே. கத்தரிக்கோலைப் பிடித்துப் பழுத்த கை அது. இவர்போன்ற ஒருவரையும் இருபத்திரண்டு வயது மாணவரையும் 'அறிமுகம்' என்ற ஒரே சொல்லால் குறிக்கலாமா என்று கேட்டால், விதி குறிக்கலாம் என்கிறது. விதி பார்ப்பது வயதையோ அனுபவத்தையோ அன்று, இயக்கிய படத்தை மட்டுமே.

2010ஆம் ஆண்டுக்கான விருது நாக்ராஜ் மஞ்சுளேவின் 'பிஸ்துல்யா'வுக்குக் கிடைத்தது. பள்ளிக்குப் போக ஏங்கும் ஏழைச் சிறுவனைப் பற்றிய மராத்திக் குறும்படம் அது. அவரே 2013ஆம் ஆண்டில் 'ஃபண்ட்ரி' என்ற முழுநீளப் படத்துக்காகக் கதைப்படப் பிரிவின் அறிமுக இயக்குநர் விருதையும் பெற்றார். ஒருவரே இருமுறை 'முதல்' ஆனார்! பின்னர் வந்த 'சைராட்' மராத்தித் திரையுலகின் பெருவெற்றிகளில் ஒன்று. முதற்பட விருது ஒருவரைச் சரியாக அடையாளம் கண்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுத் தேவையில்லை. ஆனாலும் அது ஆவணப்படம் இல்லையே என்று ஆவணப்படக்காரர்கள் முணுமுணுத்தால் அதிலும் நியாயம் இருக்கிறது.

அதே 2013இல் கதைப்படம் அல்லாத பிரிவில் விருது பெற்றவர் கேரளத்தின் கிறிஸ்டோ டோமி. படம் 'கன்யகா', இதுவும் புனைகதைதான். சுவையான செய்தி என்னவென்றால், பத்தாண்டு கழித்து 2023இல் அவர் ஆவணப்படத்துக்கு வந்தார். கூடத்தாயி கொலை வழக்கைப் பற்றிய அப்படத்தை நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்டது.

ஆவணப்படங்களும் இவ்விருதைப் பெறாமல் இல்லை. 2016ஆம் ஆண்டுக்கான விருதைப் பெற்ற 'சோஸ்', காஷ்மீரின் பாடகர்களையும் கவிஞர்களையும் ஓவியர்களையும் பற்றியது. துஷார் மாதவும் சர்வ்னிக் கவுரும் சேர்ந்து இயக்கினர். சர்வ்னிக் கவுர் பின்னர் மும்பைக் கடற்கரையின் கோலி மீனவ நண்பர்கள் இருவரைத் தொடர்ந்து 'அகெய்ன்ஸ்ட் த டைட்' படத்தை எடுத்தார். அது 2023இல் சன்டான்ஸ் விழாவில் நடுவர் குழுவின் சிறப்பு விருதைப் பெற்றது. 2018ஆம் ஆண்டுக்கான விருது, சத்யஜித் ராயின் துப்பறியும் பாத்திரமான ஃபெலுதாவைப் பற்றி சாக்னிக் சட்டர்ஜி எடுத்த ஆவணப்படத்துக்குச் சென்றது.

தணிக்கைச் சான்றிதழ் என்னும் வாசல்

தேசிய விருதுக்கு அனுப்பப்படும் படம் அந்தந்த ஆண்டில் மத்தியத் தணிக்கை வாரியத்தின் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். பெரிய நிறுவனத்துக்கு இது ஒரு வழக்கமான வேலை. முதன்முதலாகப் படம் எடுத்து, கையிலுள்ளதை எல்லாம் செலவழித்துவிட்ட ஒருவருக்கு இது பணமும் அலைச்சலும். அதைவிட முக்கியமாக, அரசைக் கேள்வி கேட்கும் படமென்றால் வெட்டு வருமோ என்ற அச்சம். எந்தப் படங்கள் விருதுப் பட்டியலில் இல்லை என்று ஆராயும் மாணவர்கள் இவ்வாசலையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இது குறித்த பெரிய மோதல் மும்பை விழாவில் நடந்தது. ஆவணப்படம், குறும்படம், அசைவூட்டப் படம் ஆகியவற்றுக்காக பிலிம்ஸ் டிவிஷன் 1990இல் தொடங்கிய விழா அது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடப்பது. பால்கே பெயரிலான சித்ரநகரியின் சார்பில் அறிமுக இயக்குநருக்கு அங்கு ஒரு பரிசும் வழங்கப்படுகிறது. 2004ஆம் ஆண்டு விழாவுக்கு இந்தியப் படங்கள் மட்டும் தணிக்கைச் சான்றிதழோடு வரவேண்டும் என்று ஒரு நிபந்தனை விதிக்கப்பட்டது. வெளிநாட்டுப் படங்களுக்கு அந்நிபந்தனை இல்லை. நாடெங்கும் உள்ள ஆவணப்பட இயக்குநர்கள் ஒன்றுகூடி எதிர்த்தனர். நிபந்தனை திரும்பப் பெறப்பட்டது. ஆனால் தேர்வு முடிவு வந்தபோது, அரசியல் பேசிய படங்கள் பல விடுபட்டிருந்தன. விடுபட்ட படங்களைத் திரட்டி, விழா நடந்த நாட்களிலேயே 'விகல்ப்' என்ற மாற்று விழாவை இயக்குநர்கள் மும்பையில் நடத்தினர். விகல்ப் எந்தப் பரிசும் தரவில்லை. இருந்தாலும் இந்திய ஆவணப்பட வரலாற்றில் அதன் இடம் பல விருதுகளைவிடப் பெரியது.

வெளிநாடுகளில்

பிரான்சின் கான் விழாவில் முதற்படத்துக்கான தங்கக் கேமரா விருது 1978இல் தொடங்கப்பட்டது. அது புனைகதைக்கு மட்டும் உரியதன்று. 1982இல் ரோமன் குபீல் எடுத்த, 1968 மாணவர் கிளர்ச்சி நண்பர்களை நினைவுகூரும் ஆவணப்படம் அதைப் பெற்றது. ஆவணப்படங்களுக்கென்று தங்கக் கண் விருது கானில் 2015இல்தான் வந்தது. அது அறிமுக விருது அன்று. ஆயினும் 2021இல் அதைப் பெற்ற பாயல் கபாடியாவின் 'எ நைட் ஆஃப் நோயிங் நத்திங்' அவருடைய முதல் முழுநீளப் படமே.

ஆம்ஸ்டர்டாம் விழா 1988இல் தொடங்கியது. அதன் அறிமுக இயக்குநர் விருதை 2013இல் பெற்றவர் மும்பையில் பிறந்து சுவிட்சர்லாந்தில் வாழும் ஃபரீதா பாச்சா. 'மை நேம் இஸ் சால்ட்' என்ற அந்தப் படம் குஜராத்தின் சிறு கட்ச் பாலைவனத்தில் உப்பு விளைவிக்கும் குடும்பத்தைப் பற்றியது. ஆண்டுக்கு எட்டு மாதம் அங்கே தங்கி, தண்ணீர் இறைத்து, பாத்தி கட்டி, வெள்ளை வெளேரென்று உப்பெடுக்கிறார்கள். மழை வந்ததும் பாத்திகள் கரைந்து போகின்றன. அடுத்த ஆண்டு மறுபடியும் முதலிலிருந்து. விளக்கவுரை ஏதும் இல்லாமல், வேலையை மட்டும் பொறுமையாகக் காட்டுகிறது படம். வேதாரண்யம், தூத்துக்குடி உப்பளங்களைப் பார்த்தவர்கள் இதைத் தேடிப் பார்க்கலாம். அண்மையில் அவ்விழா அறிமுகப் போட்டிப் பிரிவை நீக்கிவிட்டது. எல்லாப் பிரிவுகளிலும் உள்ள முதற்படங்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு மாறிவிட்டது.

டிரைபெக்காவின் விருது, ஆல்பர்ட் மேசில்ஸ் என்ற மூத்த ஆவணப்பட இயக்குநரின் பெயரைத் தாங்கியது. 2017இல் அதைப் பெற்றவர்கள் சரிதா குரானாவும் ஸ்மிருதி முந்த்ராவும். திருமணப் பேச்சுகளுக்கு நடுவே நிற்கும் இந்தியப் பெண்கள் மூவரைப் பற்றியது அவர்களின் படம்.

ஆஸ்கரில் அறிமுக இயக்குநர் பிரிவே இல்லை. ஆனால் அங்கே முதற்படங்கள் வென்ற கதை நீளமானது. 2013இல் 'சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்' படத்துக்காக வென்ற சுவீடனின் மாலிக் பென்ட்ஜெலுல், படச்சுருள் வாங்கப் பணமில்லாமல் சில காட்சிகளைக் கைபேசியிலேயே எடுத்தவர். அடுத்த ஆண்டு மே மாதம் 36 வயதில் அவர் இறந்துபோனார். அந்த ஒரு முழுநீளப் படத்தோடு முடிந்தது. 2022இல் 'ரைட்டிங் வித் ஃபயர்' போட்டியில் இருந்தது. உத்தரப் பிரதேசத்தில் தலித் பெண்கள் நடத்தும் 'கபர் லஹரியா' செய்தி இதழைப் பற்றி ரிந்து தாமஸும் சுஷ்மித் கோஷும் எடுத்த முதல் முழுநீளப் படம் அது. அதைத் தோற்கடித்த 'சம்மர் ஆஃப் சோல்' படமும் இசைக்கலைஞர் குவெஸ்ட்லவ் இயக்கிய முதற்படமே. மறு ஆண்டு முதுமலை தெப்பக்காடு முகாமில் பொம்மனும் பெள்ளியும் வளர்த்த யானைக்குட்டிகளைப் பற்றிய 'தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்' ஆவணக் குறும்படப் பிரிவில் வென்றது. அதை இயக்கிய கார்த்திகி கொன்சால்வெஸுக்கும் அதுவே முதற்படம்.

விருதுக்குப் பின்: ஒரு படம்

2014ஆம் ஆண்டுக்கான தேசிய விருதைப் பெற்ற 'கூங்கா பெஹல்வான்' பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மித் ஜானி, பிரதீக் குப்தா, விவேக் சௌத்ரி ஆகிய மூவர் இணைந்து இயக்கிய ஆவணப்படம். பெயரின் பொருள் 'ஊமை மல்லர்'. ஹரியானாவைச் சேர்ந்த வீரேந்தர் சிங் செவித்திறனும் பேச்சுத்திறனும் இல்லாத மல்யுத்த வீரர். 2005இல் மெல்போர்னிலும் 2013இல் சோபியாவிலும் நடந்த காதுகேளாதோர் ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்றவர். ஆனால் பெரும்பாலான இந்தியர்களுக்கு அவர் பெயர் தெரியாது. படத்தை எடுத்த இளைஞர்கள் எடுத்ததோடு நிற்காமல் அவருக்கு உரிய அங்கீகாரம் கேட்டுக் குரல் கொடுத்தனர்.

2016இல் வீரேந்தருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. 2021 நவம்பரில் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. படம் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது, அவர் 2017இலும் தங்கம் வென்றிருந்தார். ஆயினும் அவர் பெயர் பத்திரிகைகளில் இடம்பெறத் தொடங்கியதில் படத்துக்குப் பங்கு உண்டு. பத்மஸ்ரீ பெற்ற மறுநாள் அவர் டெல்லி ஹரியானா பவனுக்கு வெளியே நடைபாதையில், வென்ற பதக்கங்களையும் விருதுகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மற்ற மாற்றுத்திறனாளி வீரர்களுக்கு மாநில அரசு தரும் உரிமைகளைக் காதுகேளாத வீரர்களுக்கும் தரவேண்டும் என்பதே அவருடைய கோரிக்கை.