முழங்கால் லிகமென்ட் காயமும் கண்டி றக்பியும்

முழங்காலுக்குள்ளே தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் குறுக்காகப் பிணைத்து நிற்பது முன் சிலுவை லிகமென்ட். பந்தோடு ஓடுபவர் எதிராளியை ஏய்க்க ஒற்றைக் காலை ஊன்றிச் சட்டெனத் திரும்பும்போது, யாரும் மேலே விழாமலேகூட இது அறுந்துவிடும். ‘டக்’ என்று கேட்டதாகப் பலர் சொல்வர். சில மணி நேரத்தில் முழங்கால் வீங்கிவிடும்.

இலங்கையில் இக்காயத்தைப் பற்றிப் பேசக் கண்டி பொருத்தமான இடம். 1874இல் தோன்றிய கண்டி விளையாட்டுக் கழகத்தின் நித்தவளை மைதானம் இங்கே உள்ளது. கண்டித் திரித்துவக் கல்லூரியும் கொழும்பு றோயல் கல்லூரியும் மோதும் பிராட்பி கேடய றக்பிப் போட்டி 1945இல் தொடங்கியது.

அறுந்ததைத் தைப்பதைவிட, பின்தொடை நாணிலிருந்தோ முழங்காற்சில்லு நாணிலிருந்தோ எடுத்த துண்டை ஒட்டாகப் பொருத்துவதே நெடுங்கால வழக்கம். 2020இல் வெளியான ‘ஸ்டெபிலிட்டி’ ஆய்வு 14 முதல் 25 வயதுவரையான 618 பேரைப் பின்தொடர்ந்தது. முழங்காலின் வெளிப்பக்கத்தில் கூடுதலாக ஒரு பட்டையை இறுக்கியவர்களில் 4 வீதத்தினருக்கே இரண்டாண்டுக்குள் ஒட்டு அறுந்தது. மற்றவர்களில் 11 வீதம். ஆனால் எல்லோருக்கும் கத்தி வேண்டியதில்லை. சுவீடனில் 121 இளையோரிடம் நடந்த ஆய்வில், முதலில் பயிற்சியை மட்டும் மேற்கொண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஐந்தாண்டாகியும் சத்திரசிகிச்சையை நாடவில்லை.

சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்குக் கடினமானது காத்திருப்புத்தான். மைதானத்துக்குத் திரும்புவதை ஒன்பது மாதம்வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுகாய வாய்ப்பை ஏறத்தாழப் பாதியாக்குவதாக 2016இல் வந்த நோர்வே ஆய்வு காட்டியது. பாடசாலையின் கடைசி ஆண்டில் அடிபட்ட மாணவனுக்கு ஒன்பது மாதம் என்பது பிராட்பியே கைவிட்டுப் போவதாகும். மருத்துவரின் நாட்காட்டியும் பயிற்றுநரின் நாட்காட்டியும் முட்டிக்கொள்வது இங்கேதான். தொடைத்தசை வலுவையும் ஒற்றைக்கால் தாவலையும் அளந்து பார்ப்பதே முடிவெடுக்க நியாயமான வழி. அது இயன்மருத்துவரின் வேலை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணை சுகாதார விஞ்ஞான பீடம் அத்தகையோரைப் பயிற்றுவிக்கிறது.

தடுப்பில் கிடைத்த பலன் இன்னும் பெரிது. உலக றக்பி அமைப்பின் ‘ஆக்டிவேட்’ உடற்பயிற்சியை இங்கிலாந்துப் பாடசாலை அணிகளில் சோதித்த முடிவுகள் 2017இல் வெளிவந்தன. வாரம் மூன்று முறையேனும் செய்த அணிகளில் போட்டிக் காயங்கள் 72 வீதமும் தலை அதிர்ச்சி 59 வீதமும் குறைந்திருந்தன. சமநிலை, தாவி இறங்குதல், கழுத்து வலு ஆகிய மூன்றுக்குமாகச் செலவாவது இருபது நிமிடம். கருவி எதுவும் வேண்டாம்.