பழைய லூகர் பிஸ்டல்: ‘ஒரிஜினல் செட்’ என்று சொன்னால் நம்பலாமா?

‘முதல் உலகப் போர் கால லூகர், ஒரிஜினல் தோல் உறை, இரண்டு மேகசின்களுடன்.’ வெளிநாட்டு ஏலத் தளங்களில் இப்படி ஒரு விளம்பரம் உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். பிஸ்டல் மட்டும் என்றால் ஒரு விலை. உறையும் உபரி மேகசினும் ‘அதே செட்’ என்றால் விலை எகிறிவிடும். அந்த ‘அதே செட்’ என்ற இரண்டு சொல்லுக்குத்தான் கூடுதல் பணம். அது உண்மையா என்று எப்படிச் சோதிப்பது?

ஏன் லூகர்?

ஜெர்மன் ராணுவம் இதை 1908-ல் ஏற்றுக்கொண்டது. அதனால்தான் ‘பி.08’ என்று பெயர். 9 மி.மீ. தோட்டா, ஒரு மேகசினில் 8 ரவுண்டு. ராணுவத்துக்குப் போன ஒவ்வொரு பிஸ்டலிலும் வரிசை எண்ணும் ஆய்வு முத்திரையும் குத்தப்பட்டன. அதாவது, ஆதாரம் இரும்பிலேயே இருக்கிறது. படிக்கத் தெரிந்தால் போதும்.

எண் ஒத்துப்போனால் போதுமா?

போதாது. இங்கதான் பலர் ஏமாறுகிறார்கள். ராணுவ பி.08-ன் வரிசை எண் ஒவ்வொரு ஆண்டும் 1-லிருந்து தொடங்கும். 10,000-ஐ எட்டியதும், எண்ணுக்குப் பின்னால் ஒரு சிறிய ஆங்கில எழுத்தைச் சேர்த்து மறுபடி 1-லிருந்து போகும். அதனால் 4521 என்ற எண் பல பிஸ்டல்களில் இருக்க முடியும். தயாரிப்பாளர், ஆண்டு, எண், எழுத்து நான்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது ஒரே ஒரு பிஸ்டலைக் குறிக்கும்.

சிறு பாகங்களில் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் இருக்கும். ராணுவ மேகசினின் அடிப்பகுதியிலும் பிஸ்டலின் எண்ணைக் குத்துவது வழக்கம். உபரி மேகசினில் பெரும்பாலும் கூடவே ஒரு ‘+’ குறி இருக்கும். அடிப்பகுதி எதனால் ஆனது என்றும் பாருங்கள். முதல் உலகப் போர் காலத்தில் அது மரம். அலுமினியம் பிறகுதான் வந்தது. 1916 பிஸ்டலோடு அலுமினிய அடி மேகசின் வந்தால், அது அந்தப் பிஸ்டலோடு பிறந்தது இல்லை.

பழைய எண்ணைத் தேய்த்துவிட்டுப் புதிதாகக் குத்துகிறவர்களும் உண்டு. இலக்கங்களின் வடிவத்தையும் ஆழத்தையும் மற்ற பாகங்களோடு ஒப்பிடுங்கள்.

தோல் உறையில் எதைப் பார்ப்பது?

உறையில் பொதுவாகத் தயாரித்தவர் பெயர், ஊர், ஆண்டு முத்திரை இருக்கும். பிஸ்டலின் எண் பொதுவாக இருக்காது. ஆகவே ‘எண் பொருந்தும் உறை’ என்று யாராவது சொன்னால் உஷாராகுங்கள்.

ஆண்டு பொருந்தவில்லை என்பதற்காக உறையைப் போலி என்று சொல்லிவிடவும் முடியாது. முதல் போர் முடிந்த பிறகு பல பிஸ்டல்களில் பழைய ஆண்டோடு ‘1920’ என்றும் குத்தி, மறுபடி பயன்படுத்தினார்கள். அப்படிப்பட்ட பிஸ்டலுக்குப் பின்னாளில் வேறு உறை கிடைத்திருக்கலாம். இரண்டும் அசல், ஆனால் ‘பிறந்ததிலிருந்து சேர்ந்தே இருந்தவை’ அல்ல. விலையும் அதற்கேற்ப இறங்க வேண்டும்.

தையல் நூலைப் புற ஊதா விளக்கில் பாருங்கள். நூலைப் பளிச்சென்று காட்டும் ரசாயனங்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பரவலாகின. நூல் நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் சந்தேகப்படலாம். ஒளிரவில்லை என்றால்? அசல் என்று அர்த்தமில்லை. இந்த ஒரு சோதனையில் மாட்டவில்லை, அவ்ளோதான்.

இந்தியாவில் வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

‘பழசுதானே, லைசென்ஸ் எதுக்கு?’ என்ற கேள்விதான் ஆபத்தானது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு பழங்கால ஆயுதங்களுக்கு விலக்கு தருகிறது. ஆனால் ஒரு நிபந்தனை: பழுது பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி, அதைத் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாத நிலையில் இருக்க வேண்டும். 100 வயது ஆகிவிட்டது என்பது மட்டும் போதாது. சுடக்கூடிய லூகர் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கிதான். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் சிறைத் தண்டனை வரை போகும்.

அந்தச் சட்டத்தில் ‘ஆயுதம்’ என்ற சொல்லுக்குள் பாகங்களும் அடக்கம். எனவே மேகசினைச் சாதாரணப் பொருளாக நினைத்து ஆர்டர் போட்டுவிடாதீர்கள். முதலில் மாவட்ட உரிம அதிகாரியிடமோ வழக்கறிஞரிடமோ கேளுங்கள். வெறும் தோல் உறை ஆயுதம் இல்லை. ஆர்வம் இருந்தால் அங்கிருந்து தொடங்கலாம்.

பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

* பிஸ்டலின் முழு எண், எழுத்து, ஆண்டு தெரியும் நெருக்கமான படம்
* இரண்டு மேகசின்களின் அடிப்பகுதிப் படங்கள்
* உறையின் முத்திரையும் தையலும், உள்ளேயும் வெளியேயும்
* யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற காகிதம். அமெரிக்க வீரர்கள் போரில் கைப்பற்றியதை வீட்டுக்குக் கொண்டுபோகச் சான்றிதழ் வாங்கினார்கள். சிலவற்றில் பிஸ்டல் எண்ணும் உண்டு

இதில் ஒன்றைக்கூடத் தர மறுத்தால், ‘செட்’ விலையைக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக விலை பேசுங்கள்.