கேட்கத் தெரிந்தவரிடமே குழந்தை பேசும்

1890-ஆம் ஆண்டு கல்கத்தாவில் புல்மோனி என்னும் பத்துப் பதினோரு வயதுச் சிறுமி, கணவனின் வன்செயலால் மாண்டாள். பத்து வயதைக் கடந்த மனைவியிடம் கணவன் செய்வது வன்புணர்ச்சி ஆகாது என்றது அன்றைய சட்டம். ஓர் உயிருக்கு ஈடாக அவன் பெற்றது ஓராண்டுச் சிறை! 1891-இல் அந்த வயது வரம்பைப் பன்னிரண்டாக்கச் சட்டம் வந்தபோது, மதம் போயிற்று, மரபு போயிற்று என்று ஓலமிட்டனர் வைதிகர். திலகரும் எதிர்த்து நின்றார். எதிர்ப்பை மீறிச் சட்டம் நிறைவேறிற்று.

சட்டம் ஏட்டில் ஏறிவிட்டால் நீதி வீடு தேடி வந்துவிடுமா? 1972-இல் மகாராட்டிரத்தில், காவல் நிலையத்துக்குள்ளேயே பழங்குடிச் சிறுமி ஒருத்தி சீரழிக்கப்பட்டாள். உடலில் காயமில்லை, அவள் கூச்சலிடவில்லை, ஆகவே இசைந்தாள் என்று கருதி, 1978-இல் உச்சநீதிமன்றம் காவலர் இருவரை விடுவித்தது. அச்சம் நாவைக் கட்டும் என்பதை அறிய மனமில்லாத மன்றத்தில், மௌனமே அவளுக்கு எதிரான சாட்சியாயிற்று. நாடு கொதித்தது, 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது.

நம் புதுவையின் கதை சற்று வேறு. பிரெஞ்சு முறையில் சாட்சியை வினவும் பொறுப்பு பெரிதும் நீதிபதியுடையது. 1963 அக்டோபர் முதல் நாள் இந்தியக் குற்றவியல் சட்டங்கள் இங்கு நடைமுறைக்கு வந்தன. வழக்குரைஞர் இருவர் மாறி மாறிக் கேள்வி தொடுக்க, நடுவே சாட்சி நிற்கும் முறையும் உடன் வந்தது. வளர்ந்தவரே வியர்க்கும் அந்த இடத்தில் குழந்தை என்ன செய்யும்?

2012-இல் வந்த போக்சோ சட்டம் அதற்கு விடை தேடிற்று. அரசு வழக்குரைஞரும் எதிர்த்தரப்பு வழக்குரைஞரும் தம் கேள்விகளை நீதிபதியிடம் தரவேண்டும். அவரே குழந்தையிடம் கேட்பார். எதிரியின் முகம் குழந்தையின் கண்ணில் படலாகாது. இடையிடையே ஓய்வு தரவேண்டும். மீண்டும் மீண்டும் மன்றத்துக்கு அழைத்து அலைக்கழிக்கலாகாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கேள்வியை ஆக்கித் தருபவர் யார்? வழக்குரைஞரே அல்லவா?

"மேற்படி நாளில் சுமார் ஐந்து மணியளவில் எதிரி உன்னைத் தொட்டார் என்று சொன்னால் அது சரியல்ல என்பது சரிதானே?" இதற்கு எட்டு வயதுக் குழந்தை ஆம் என்றாலும் பிழை, இல்லை என்றாலும் பிழை! சாரத்து வகுப்பறையில் நாள்தோறும் காண்கிறேன்: மணி கேட்டால் விழிக்கும் குழந்தை, "விளையாடப் போகுமுன்னா, பின்னா?" என்று கேட்டால் பளிச்சென்று விடை சொல்லும்.

இந்தக் கலை தானாக வருவதன்று. சிறப்பு அரசு வழக்குரைஞருக்கு ஏழாண்டு வழக்காடிய அனுபவம் வேண்டும் என்கிறது சட்டத்தின் 32-ஆம் பிரிவு. குழந்தையோடு பேசத் தெரியுமா என்று அது கேட்கவில்லை! சட்டம் மட்டுமன்றிக் குழந்தை உளவியலும் அவர்களுக்குக் கற்பிக்கப்பட வேண்டும் என்று உச்சநீதிமன்றமே 2019-இல் வலியுறுத்த நேர்ந்தது. விடையைக் குழந்தையின் வாயில் திணிக்காமல் கேட்பதும் அந்தப் பயிற்சியில் அடங்கும். குற்றமற்றவனுக்கும் அதுவே காவல்.

2024 மார்ச்சில் முத்தியால்பேட்டையில் ஒன்பது வயதுச் சிறுமி கொல்லப்பட்டபோது புதுவை கொந்தளித்தது. அந்தச் சினம் நேர்மையானது. மாண்ட குழந்தைக்காகத் தெருவில் நின்றோம். உயிரோடு வந்து மன்றத்தில் நிற்கும் குழந்தைக்காக யார் நிற்பது? தெருவின் முழக்கம் அந்த மன்றத்தில் சாட்சியம் ஆகாது. அங்கே குழந்தைக்குத் துணை, அரசு வழக்குரைஞரின் அறிவும் பொறுமையுமே.

தோழர்களே! உங்கள் மாவட்டச் சிறப்பு நீதிமன்றத்தில் இவ்வழக்குகளுக்கென்றே தனி அரசு வழக்குரைஞர் உண்டா? அவர் பெற்ற பயிற்சி யாது, எத்தனை நாள்? 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. எழுதிக் கேளுங்கள். விடை வரும்வரை விடாது கேளுங்கள்!