கடற்கரை நுண்நெகிழி

கடற்கரை மணலில் கலந்து கிடக்கும், 5 மில்லிமீட்டருக்கும் குறைவான பிளாஸ்டிக் துணுக்குகள். பை, பாட்டில், தெர்மாகோல், நைலான் வலை போன்றவை வெயிலிலும் அலையிலும் நைந்து உதிர்வதால் பெரும்பகுதி உண்டாகிறது. பிளாஸ்டிக் ஆலைகளுக்கு மூலப்பொருளாகப் போகும் 'தானா' எனும் குருணை போல, தொடக்கத்திலேயே பொடியாக இருப்பவையும் உண்டு. 2004இல் பிரிட்டனின் ரிச்சர்ட் தாம்சன் குழுவினர் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகே இதன்மீது ஆய்வுலகின் கவனம் பரவலாகத் திரும்பியது.

ஆற்று முகத்துவாரம், மீன்பிடித் துறைமுகம், நகரக் கழிவுநீர் கலக்குமிடம் ஆகியவற்றை ஒட்டிய கரைகளில் செறிவு பொதுவாக மிகுதி. ஆளில்லாத தீவுகளும் தப்பவில்லை. நீரோட்டம் துணுக்குகளை அங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஆகவே சுற்றுலாப் பயணிகளை மட்டும் குறைசொல்வது பாதி உண்மைதான்.

பயணிகளால் அல்லாமலும் கரை மாசுபடும் என்பதற்கு இலங்கையின் மேற்குக் கரை கொடிய சான்று. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்து, ஜூனில் மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் சரக்குக் கப்பலில் ஏறத்தாழ 1,680 டன் தானா இருந்தது. நீர்கொழும்பு, சரக்குவ கரைகளில் வெண்குருணைகள் குவியலாக ஒதுங்கின. மீன்பிடிக்கத் தடை வந்தது. வெள்ளையாக இருந்தவற்றை மண்வாரியால் அள்ளி, சல்லடையில் சலித்துப் பிரிக்க முடிந்தது. தீயில் உருகிக் கருகியவையோ கூழாங்கல் போலிருந்ததால் கண்ணுக்குத் தப்பின.

கண்ணுக்குத் தப்பும் துணுக்குகளைப் பிரிக்க, ஆய்வுக்கூடத்தில் மணலை அடர் உப்புக் கரைசலில் கலக்கினால் மணல் அடியில் தங்கும். பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் மிதக்கும். கனமான பிவிசி மிதக்க, ஜிங்க் குளோரைடு போன்ற இன்னும் அடர்த்தியான கரைசல் வேண்டும்.