பனிச்சாலையில் கார் ஓட்டப் போகிறீர்களா? முதலில் டயரைக் கவனியுங்கள்

ஆண்டிறுதி விடுமுறையில் ஜப்பானின் ஹொக்கைடோ தீவுக்குச் செல்லும் சிங்கப்பூரர்களில் சிலர், வாடகைக் கார் எடுத்துத் தாங்களே ஓட்டுகின்றனர். நம்மைப் போலவே அங்கும் வாகனங்கள் சாலையின் இடப்பக்கம் செல்வதால், ஓட்டுவது எளிது என்று தோன்றலாம். ஆனால், குளிர்காலத்தில் அங்குள்ள சாலைகளில் பனி இறுகிக் கட்டியாகக் கிடக்கும். குடும்பத்துடன் செல்லும்போது காரின் அளவையும் வாடகையையும் மட்டும் பார்த்தால் போதாது.

சாதாரண டயர் ஏன் உதவாது?

நம் ஊர்க் கார்களில் உள்ள டயர்களின் ரப்பர், ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறுகத் தொடங்கும். பிறகு சாலையைச் சரியாகப் பற்றாது. குளிர்கால டயரின் ரப்பரோ கடுங்குளிரிலும் மென்மையாக இருக்கும். அதிலுள்ள நுண்ணிய வெட்டுகள் பனியைக் கவ்வும்; பனிக்கட்டியின்மேல் படரும் நீர்ப்படலத்தையும் அகற்றும்.

ஆணி பதித்த டயர்கள் சாலையை அரித்துத் தூசு கிளப்பியதால், ஜப்பான் 1990ல் சட்டம் இயற்றி அவற்றைக் கட்டுப்படுத்தியது. இன்று அங்குப் பெரிதும் பயன்படுவது ஆணியில்லாத ‘ஸ்டட்லெஸ்’ டயர்.

சாவியை வாங்குமுன்

* டயரின் பக்கவாட்டில் ‘ஸ்டட்லெஸ்’ என்ற சொல் அல்லது மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் உள்ள சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். ‘எம்+எஸ்’ என்ற எழுத்துகள் மட்டும் போதாது.
* நான்கு இலக்க எண், டயர் தயாரான வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35வது வாரம். பழைய ரப்பர் இறுகியிருக்கும்.
* டயரின் பள்ளம் பாதிக்குமேல் தேய்ந்திருந்தால் வேறு கார் கேளுங்கள்.
* நான்கு சக்கரங்களிலும் குளிர்கால டயர் இருக்கவேண்டும்.

“நான்கு சக்கர இயக்கம் உள்ள கார்தானே” என்று அலட்சியம் வேண்டாம். அது கார் கிளம்பவும் மேடேறவும் உதவும். பிரேக்கை மிதிக்கும்போது காரை நிறுத்த உதவுவது டயரின் பிடிப்புதான்.

காரில் இருக்க வேண்டியவை

பனி தள்ளும் தூரிகை, சிறு மண்வாரி, உறையாத கண்ணாடி கழுவும் திரவம், போர்வை, கையுறை, கைவிளக்கு, குடிநீர். மலைப்பாதையில் செல்வோர் டயர் அளவுக்கேற்ற சங்கிலியையும் கேட்டு வாங்கலாம்.

ஓட்டும்போது

முன்செல்லும் வாகனத்துடன் வழக்கத்தைவிடப் பல மடங்கு இடைவெளி விடுங்கள். வெறும் ஈரம்போல் மின்னும் இடம் பனிக்கட்டியாக இருக்கலாம். பாலங்களிலும் சுரங்கப்பாதை வாயில்களிலும் கூடுதல் கவனம் தேவை. ஹொக்கைடோ சாலையோரக் கம்பங்களில் கீழ்நோக்கித் தொங்கும் அம்புக்குறிகள், பனி மூடிய சாலையின் விளிம்பைக் காட்டும்.

கார் பனியில் புதைந்தால், இயந்திரத்தை ஓடவிட்டு உள்ளே அமர்ந்திருப்பது ஆபத்து. புகைக்குழாயைப் பனி அடைத்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகும். அதற்கு வாசனை இல்லை. புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அடிக்கடி அகற்றுங்கள். ஜப்பானில் காவல்துறைக்கு 110, அவசர மருத்துவ உதவிக்கு 119.

அனைத்துலக ஓட்டுநர் உரிமத்தைப் புறப்படுமுன் இங்கேயே பெற்றுக்கொள்ளுங்கள். பனிப்பொழிவு கடுமையாக இருந்தால் அன்றைய பயணத்தை ரயிலுக்கு மாற்றுங்கள்.